இடது பக்கம் இழுக்கும் பலகை

பொழுது விடிந்ததும் அந்த வீட்டு வாசலில் இரண்டு கால்கள் தெரியும். கால்கள் மட்டும். மற்றதெல்லாம் மரச் சாய்தளத்துக்கு அடியில் மல்லாந்து கிடக்கும். தலைக்குக் கீழே கோணிப்பை, கையில் டார்ச், வாயில் ஒரு திருகாணி. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் நாள் அந்தக் கால்களைப் பார்த்துப் பதறிப்போவார்கள். அடுத்த நாளிலிருந்து அவர்களும், "டிரைவர் வண்டிக்கு அடியில இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே கடந்துபோவார்கள்.

வண்டி ஏதும் அங்கே இல்லை. வாசற்படிகளுக்கு மேலாகக் கேட் வரைக்கும் இறங்கும் ஒரு பலகைப் பாதைதான் உண்டு. மனைவியின் சக்கர நாற்காலிக்காக அவரே அறுத்து, அவரே இழைத்து, அவரே முடுக்கியது. ஆனால் அவர் ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். வேலை ஓய்வு கொடுத்தாலும் பழக்கம் ஓய்வு கொடுக்கவில்லை. பணிமனையில் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஓட்டுநர் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். டயரை உதைக்க வேண்டும், அடியில் குனிந்து ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும், ஆடுவதை ஆட்டிப்பார்க்க வேண்டும். அதையே பலகைக்கும் செய்தார். திருகாணிகளை விரலால் தடவுவார். கரையான் மண் கட்டியிருக்கிறதா என்று மூலைகளில் வெளிச்சம் அடிப்பார். தாங்கும் கால்களைக் குச்சியால் தட்டிச் சத்தம் கேட்பார். குதிகாலால் நடுவில் ஓர் உதை. கடைசியாக மேலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்து அலசிவிடுவார். கழுவாத வண்டியை அவர் ஒருநாளும் தெருவுக்கு எடுத்ததில்லை.

"அது மரம், அண்ணே. குளிப்பாட்டணும்னு அவசியம் இல்ல" என்று எதிர்வீட்டுப் பெண் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நீ உன் வீட்டுக் கதவைத் தொடைச்சு எத்தனை வருஷம் ஆச்சு, அதைச் சொல்லு முதல்ல" என்றார் அடியிலிருந்து. அவள் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவருடைய மனைவியை ஊரில் பாதிப் பேருக்கு முகம் தெரியாது, குரல் தெரியும். பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்புகிறது, எது வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். எல்லோருக்கும் மைக் அக்கா. காய்கறிக் கடையில் அவர் "தக்காளி என்ன விலை?" என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் அனிச்சையாகப் பையைத் தூக்கிக்கொள்வார்கள்.

இருவருக்கும் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். அந்தக் காலத்தில் டிரைவரின் பேருந்து நேரத்துக்கு வந்ததே கிடையாது. ஒருநாள் மைக்கில், "மன்னிக்கவும், இந்தப் பேருந்து வழக்கம்போல் தாமதமாக வரும்" என்ற குரல் கேட்டது. 'வழக்கம்போல்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவர் வண்டியை நிறுத்திய கையோடு அறிவிப்பு அறைக்குப் போய்க் கத்தினார். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் நிலையம் முழுக்க அந்தச் சண்டையைக் கேட்டது. அது இன்னும் முடியவில்லை. நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது, அவ்வளவுதான்.

பிறகு மைக் அக்காவுக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை உயிரைத் திருப்பித் தந்தது, கால்களைத் தரவில்லை. அவர் நாற்காலிக்கு வந்தார். நிலையத்தில் அவர் இடத்துக்கு ஒரு கருவி வந்தது. பதிவு செய்த பெண் குரல். அழகான குரல்தான். ஆனால் பேருந்து நடைமேடை மாறியது அதற்குத் தெரியாது, ரத்தானதும் தெரியாது. இல்லாத பேருந்துக்காக ஜனங்கள் மழையில் நனைந்தபடி ஓடினார்கள்.

ஒரு நாள் நிலைய மேலாளரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, இந்த மெஷின் என் உயிரை வாங்குது. போன வருஷமே நிறுத்தின பஸ்ஸுக்கெல்லாம் ஆளைக் கூப்பிடுது. நீங்க வாங்க. ரூம் தரையோட தரையாத்தான் இருக்கு, படி கிடையாது. திங்கக்கிழமை மேலதிகாரி வர்றாரு. அன்னைக்கு நீங்க சீட்ல இருந்தீங்கன்னா வேலை உங்களுக்கு. இல்லன்னா மெஷினே போதும்னு முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வெங்காயம் நறுக்கும்போதுகூட அறிவிப்புதான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, சாதம் வெந்துகொண்டிருக்கிறது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. கொண்டாட வேறு வழி தெரியாமல் சாய்தளத்துக்குச் சர்வீஸ் செய்ய முடிவெடுத்தார்.

மழைக்காலம் வேறு. மரம் தண்ணீர் குடிக்கக் கூடாது. பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் பழைய நண்பர் போல்ட்டிடம் போய் ஒரு டப்பா கழிவு எண்ணெய் கேட்டு வாங்கிவந்தார். பழைய பேருந்துகளில் தரைப் பலகையின் அடியில் அதைத்தான் பூசுவார்கள். கரையான் கிட்டே வராது, ஈரமும் ஏறாது. வியாழக்கிழமை முழுக்கப் படுத்துக்கிடந்து அடிப்பக்கம் பூசினார். முடிந்த பிறகும் டப்பாவில் மிச்சம் இருந்தது. கீழ்ப்பக்கத்துக்கு நல்லது மேல்பக்கத்துக்கும் நல்லதுதானே என்று மிச்சத்தை மேலேயும் இழுத்துவிட்டார். மறுநாள் வெயிலில் காயவிட்டார். பலகை கறுத்து மினுமினுத்தது.

"அண்ணே, தலை வாரிக்கலாம் போலிருக்கே!" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"ஷோரூம் வண்டி மாதிரி இல்ல?" என்று அவருக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை மாலை ஒத்திகை. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மைக் அக்கா வாசலுக்கு வந்து பலகையைப் பார்த்தார்.

"அந்த இழுக்குறதைச் சரி பண்ணினீங்களா?"

இது பழைய வழக்கு. கொஞ்ச நாளாகவே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: நாற்காலி இறங்கும்போது இடது பக்கம் இழுக்கிறது, ஏறும்போது வலது பக்கம் இழுக்கிறது. டிரைவர் நாற்காலியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பழுதில்லை. பலகைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கேயும் பழுதில்லை.

"இழுக்குற வண்டி ஒரு பக்கமா இழுக்கும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம்னா அது வண்டிக் கோளாறு இல்லம்மா. ஓட்டுறவங்க கோளாறு."

"சரி, நான்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டு அவர் சக்கரத்தைத் தள்ளினார்.

எப்போதும் மைக் அக்கா தானாகத்தான் இறங்குவார். உள்ளங்கையால் சக்கர விளிம்பைப் பிடித்துப் பிடித்து விடுவார். டிரைவர் பின்னால் பேருக்கு நடந்துவருவார். அன்றும் அப்படித்தான் கிளம்பினார். பாதியில் வழக்கம்போல் இடது பக்கம் திரும்பியது. இறுக்கிப் பிடித்தார். சக்கரம் நின்றது. நாற்காலி நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு அப்படியே வழுக்கிக்கொண்டு போய், ஓரச் சட்டத்தில் முட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரைவர் எட்டிக் கைப்பிடியைப் பிடித்தார். அவர் காலும் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கிலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட் தூண் வரைக்கும் வந்து சேர்ந்தார்.

யாருக்கும் அடியில்லை. மைக் அக்காவின் கை மட்டும் விளிம்பை விடவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன.

"உள்ள கொண்டுபோங்க."

எதிர்வீட்டுப் பெண் கோணிப்பைகளோடு ஓடிவந்தாள். அவற்றைப் பலகைமேல் விரித்து, இரண்டு பேருமாகத் தள்ளி ஏற்றினார்கள். உள்ளே போய்க் கட்டிலுக்கு மாறிய பிறகுதான் மைக் அக்கா பேசினார்.

"மேனேஜருக்குச் சொல்லிடுங்க. நான் வரல."

"ஏம்மா, ஒரு தடவை வழுக்கினதுக்கா?"

"எனக்கு இருக்குறது ரெண்டு கைதாங்க. அதுவும் போச்சுன்னா யாரு எனக்குச் சோறு ஊட்டுறது? மெஷினே இருக்கட்டும். அது கீழ விழாது."

மைக் அக்கா சண்டை போட்டிருந்தால்கூட டிரைவர் தாங்கியிருப்பார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து போல்ட்டுக்குப் போன் செய்தார்.

ஞாயிறு காலை போல்ட்டு ஒரு மூட்டை மரத்தூளோடும், ஒரு ஜாக்கியோடும், பேருந்துப் படிகளில் பதிக்கும் சொரசொரப்பான ரப்பர் பட்டைகளோடும் வந்து இறங்கினார். எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் ஜாக்கி இல்லாமல் வரமாட்டார். பலகையில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு நண்பரைப் பார்த்தார்.

"யோவ், அடியில பூசத்தானே கொடுத்தேன்? எந்த டிரைவராவது டயர் போற ரோட்டுல எண்ணெய் தெளிப்பானா?"

"மிச்சம் இருந்துச்சு."

"மிச்சம் இருந்தா தலையில தேய்ச்சுக்க வேண்டியதுதானே! முடியாவது முளைச்சிருக்கும்."

மரத்தூளைக் கொட்டிப் பரப்பினார்கள். அது கறுத்ததும் பெருக்கித் தள்ளி, மறுபடி கொட்டினார்கள். சோப்புத் தூள் போட்டுக் கம்பித் துடைப்பானால் சுரண்டினார்கள். பலகை மினுமினுப்பை விட்டுப் பழைய நிறத்துக்கு வந்தது. டிரைவர் செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் அழுத்தி நடந்து பார்த்தார். கால் நின்றது.

ஜன்னல் பக்கம் போய்க் குரல் கொடுத்தார். "இந்தா பாரு, சுத்தமா வழுக்கல. நான் நடந்தே பாத்துட்டேன்."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "நடந்து பாத்தீங்க. சரி. நாற்காலி இங்க சும்மாதான் இருக்கு. எடுத்துட்டுப் போய் உக்காந்து இறங்கிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

 அந்த நாற்காலியை டிரைவர் தள்ளியிருக்கிறார், துடைத்திருக்கிறார், சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார். உட்கார்ந்ததில்லை. மற்றவர்கள் உட்கார்ந்தால் ஆகாது என்ற ஒரு பயம், யாரும் சொல்லித்தராத பயம், அவருக்குள் இருந்தது. ஆனால் ஜன்னலில் முகம் தெரிந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் மைக் அக்கா. நேற்று மாலையிலிருந்து இப்போதுதான் அந்த முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சாய்தளம் வேறு ஏதோ போல் இருந்தது. நின்று பார்த்தபோது இல்லாத சரிவு. கேட் ரொம்பக் கீழே தெரிந்தது.

"ரைட், போலாம்!" என்று கண்டக்டர் மாதிரி பலகையைத் தட்டினார் போல்ட்டு.

விட்டார். பாதி வரைக்கும் ஒழுங்காக வந்தது. பிறகு யாரோ மூக்கைப் பிடித்துத் திருப்பியதுபோல் நாற்காலி இடது பக்கம் போனது. அவர் வலது சக்கரத்தை இறுக்கினார். கை எரிந்தது. ஓரச் சட்டத்தை உரசிக்கொண்டே கீழே வந்து நின்றார். 

"மேல தள்ளு" என்றார்.

போல்ட்டு பின்னாலிருந்து தள்ளினார். அதே இடத்தில் நாற்காலி வலது பக்கம் போனது.

"விட்டுப்பிடி, விட்டுப்பிடி. இழுக்குது பாரு."

"ஒண்ணும் இழுக்கல. நான் நேராத்தானே தள்ளுறேன்?"

"பின்னாடி நிக்கிறவனுக்குத் தெரியாதுய்யா. உன் கை அதுபாட்டுக்கு ஒடிச்சுக்கும். உக்காந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும்."

போல்ட்டு அப்படியே நின்றார். மெதுவாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. பணிமனையில் எத்தனையோ வருடம் இந்த இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு ஒன்று உண்டு. டிரைவர் வந்து, வண்டி இடது பக்கம் இழுக்குது என்பார். போல்ட்டு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரே பதிலைச் சொல்வார். அதை இப்போது வாசலில் நின்று ராகம் போட்டுச் சொன்னார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறவருதான் சரியில்ல!"

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "இதையேதான் என்கிட்டயும் சொன்னாரு, அண்ணே. போன மாசமே சொன்னேன். இறங்குறப்ப இடது, ஏறுறப்ப வலதுன்னு. அதுக்கு என்ன சொன்னீங்க? அவருக்கும் சொல்லுங்க, கேக்கட்டும்."

"ஓட்டுறவங்க கோளாறுன்னு சொன்னேன்" என்றார் டிரைவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

போல்ட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தனக்கு வந்தாத்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். என்னை எத்தனை தடவை திட்டியிருப்ப! கடைசியில நீயும் மெக்கானிக் ஆயிட்டியேய்யா!"

டிரைவர் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இறங்கும்போது இடது, ஏறும்போது வலது. அதாவது இரண்டும் ஒரே பக்கம், வாசலில் தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கம். நாற்காலியில் கோளாறு இருந்தால் போகும்போதும் வரும்போதும் அது தன் இடது பக்கமே இழுத்திருக்கும். சாலை சாய்ந்திருந்தால்தான் இப்படி. வளைவில் எத்தனை ஆயிரம் தடவை இதை ஸ்டியரிங்கில் உணர்ந்திருக்கிறார்!

எழுந்துபோய் ஒரு குவளைத் தண்ணீரைப் பலகையின் உச்சியில் ஊற்றினார். அது நேராகக் கீழே வரவில்லை. பாதியில் ஒதுங்கி, குழாய்ப் பக்கமாக ஓடி, ஓரத்தில் வழிந்து மண்ணில் சொட்டியது. அவருக்கு அது புதிய காட்சி அல்ல. தினமும் காலையில் வாளி வாளியாக ஊற்றி, தண்ணீர் அந்தப் பக்கமே ஓடுவதைப் பார்த்து, நன்றாக வடிகிறதே என்று சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

அந்த ஓரத்தில் மண்ணைத் தோண்டினார்கள். நடுக்காலுக்கு அடியில் வைத்த செங்கல் சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. கால் உளுத்துப்போகவில்லை, உடையவில்லை, ஆடவும் இல்லை. அதனால்தான் டார்ச்சுக்கு மாட்டவில்லை. தினசரிக் குளியலில் ஊறிய மண் செங்கல்லை மெல்ல மெல்ல விழுங்கியிருந்தது. பலகையும் அதோடு சேர்ந்து இறங்கியிருந்தது.

"உன் சர்வீஸ்தான்யா வண்டியைக் கெடுத்திருக்கு" என்றார் போல்ட்டு.

"ஜாக்கியை எடு" என்றார் டிரைவர்.

ஜாக்கி ஏற ஏறப் பலகை முனகியது. காற்று வாங்க நின்றவர்கள்போல் தெருவில் ஆட்கள் கூடினார்கள். சேற்றை அள்ளிப்போட்டு, ஜல்லி கொட்டி இடித்து, அகலமான கல் ஒன்றைப் பதித்துக் காலை இறக்கினார்கள். மறுபடி ஒரு குவளைத் தண்ணீர். இந்த முறை அது நடுவோடு நேராக இறங்கி வந்து கேட்டடியில் தேங்கியது. எதிர்வீட்டுப் பெண் கைதட்டினாள். பிறகு ரப்பர் பட்டைகள். எண்ணெய் குடித்த மரத்தில் பசை நிற்காது என்பதால், சக்கரம் ஓடும் இரண்டு தடங்களிலும் பட்டையைப் போட்டு, திருகாணிகளைத் தலை வெளியே தெரியாதபடி உள்ளே அமுக்கி முடுக்கினார் போல்ட்டு.

டிரைவர் மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை கையை மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலி நேராக வந்தது, சொரசொரவென்று சத்தம் போட்டுக்கொண்டு, நிதானமாக.

"டிக்கெட் எடுத்தாச்சா, அண்ணே?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

அவர் ஜன்னலைப் பார்த்து, "இழுக்கல" என்றார்.

 மேலாளருக்குப் போன் செய்தாயிற்றா என்று மைக் அக்கா அன்று முழுக்கக் கேட்கவில்லை. சாயங்காலம் உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை வானம் மூடியிருந்தது. டிரைவர் வாளியைத் தொடவில்லை. மைக் அக்கா வேலைக்குப் போகும் சேலையில் வாசலுக்கு வந்தார். டிரைவர் பின்னால் போய் நின்றார்.

"பின்னாடி வேணாம்."

முன்னால் வந்தார்.

"முன்னாடியும் வேணாம். அப்படி ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்றார். கால்கள் ஓரமாக நின்றனவே தவிர மற்றதெல்லாம் நாற்காலியின் மேல் சாய்ந்திருந்தது. மைக் அக்கா கேட்டைப் பார்த்தார். பட்டைகளைப் பார்த்தார். விளிம்பில் கையை வைத்தார், எடுத்தார், சேலையில் துடைத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று டிரைவர் கைப்பிடிப் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்து, மறுபடி ஓரத்துக்கே போனார். அப்போது மிக மெல்லிய குரலில், நிலையத்துக்கென்றே வைத்திருக்கும் அந்த நிதானத்தோடு, தனக்குத்தானே அறிவித்துக்கொண்டார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வாசலில் நிற்கும் வண்டி இப்போது புறப்படும்."

புறப்பட்டது. பாதியில், அந்த இடம் வந்தபோது, பழக்கத்தில் அவர் வலது தோள் விறைத்தது. இழுக்கவில்லை. தோள் இறங்கியது. விளிம்பு கையில் சும்மா உருண்டது. கேட் வந்தது. லேசாகப் பிடித்தார். சக்கரம் நின்றது, நாற்காலியும் நின்றது.

"நேரா வந்துச்சுங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தார். டிரைவர் பலகை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். 

"ஏன் அங்க உக்காந்துட்டீங்க? எழுந்திரிங்க. மேலதிகாரி எனக்காகக் காத்துக்கிட்டா இருப்பாரு?"

அன்று காலை பேருந்து நிலையத்தில் பதிவுக் குரல் பாதி வாக்கியத்தில் நின்றுபோனது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு வேறொரு குரல் வணக்கம் சொன்னது. டீக்கடைக்காரர் கையில் டம்ளரோடு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். செய்தித்தாள்கள் தாழ்ந்தன. மேலாளர் அறைக்கு வெளியே வந்து, மேலதிகாரி நிற்பதையும் மறந்து, நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். டிரைவர் காத்திருப்போர் பெஞ்சில் பொறுப்பில்லாத பயணி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முன்பு ஓட்டிய தடத்தின் பேருந்து பற்றிய அறிவிப்பு வந்தது. "மன்னிக்கவும்" என்றது குரல். ஒரு சிறிய இடைவெளி. "வழக்கம்போல் தாமதமாக வரும்."

புது ஓட்டுநருக்கு அது யாருக்கான அறிவிப்பு என்று தெரியாது. பெஞ்சில் இருந்தவர் மட்டும் தனியாகச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

இப்போதும் காலையில் அந்த வீட்டு வாசலில் இரண்டு கால்கள் தெரிகின்றன. டார்ச் உண்டு, குச்சி உண்டு, உதையும் உண்டு. வாளி மட்டும் கிடையாது, ஈரத் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். எல்லாம் முடிந்த பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு நடை போய்வருகிறார். சில நாள் ஒன்றுக்கு இரண்டாக. எதிர்வீட்டுப் பெண் ஹாரன் சத்தம் எழுப்புகிறாள். உள்ளே கட்டிலில், வேலைக்குத் தயாராக, நாற்காலிக்காகக் காத்திருப்பவரின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது.

"போதும், இறங்குங்க! எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு!"